126 விமான டெண்டர் எங்கே உடைந்தது? அடுத்த 114-க்கு விற்பவரிடம் எதைக் கேட்கணும்?

மதியழகன்_கோவை
நம் விமானப்படைக்கு அனுமதி 42 ஸ்குவாட்ரன் (போர் விமான அணி). 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் மிக்-21-க்கு விடை கொடுத்த பிறகு கையில் இருப்பது 29. இப்போது 114 என்று பேசப்படும் போர் விமானக் கொள்முதலுக்கான முதல் விசாரிப்பு 2018 ஏப்ரலிலேயே போய்விட்டது. அதற்கு முன்னால் 126 விமானத்துக்கு 2007-ல் விட்ட டெண்டர் 2015-ல் ஊற்றி மூடப்பட்டது. அத்தனை சோதனையும் முடித்து, குறைந்த விலைக்காரர் யார் என்றும் அறிவித்த பிறகு அது எந்த இடத்தில் உடைந்தது? அடுத்த முறை விற்பவரை எடைபோட எந்தக் கேள்விகளைக் கேட்கணும்? எந்த ரேடார் எவ்வளவு தூரம் பார்க்கும் என்ற ஒப்பீடு யூடியூபில் கொட்டிக்கிடக்கு, அது வேண்டாம்.

வாடைக்காற்று
பறக்கும் சோதனையில் உடையவில்லை. அது ஒழுங்காகவே நடந்தது. ரஃபேல், டைஃபூன், எஃப்-16, சூப்பர் ஹார்னெட், மிக்-35, கிரிப்பன் என்று ஆறு பேர். பெங்களூரு, ஜெய்சால்மர் வெயில், லே குளிர் என மூன்று இடம், 643 அளவுகோல். இதில் லேதான் பலருக்குக் கண்டம். ஓடுதளமே கடல் மட்டத்திலிருந்து 10,000 அடிக்கு மேலே. காற்று மெலிந்த அந்த உயரத்தில் குளிர்ந்துபோன எஞ்சினை மறுபடி உயிர்ப்பிப்பது கஷ்டம். பின்னால் ரஃபேலுக்கு நாம் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன மாற்றங்களில் இந்தக் குளிர் ஸ்டார்ட்டும் ஒன்று.

2011 ஏப்ரலில் ரஃபேலும் டைஃபூனும் மிஞ்சின. நம் கொள்முதல் முறையில் தொழில்நுட்ப உறையும் விலை உறையும் தனித்தனி. தொழில்நுட்பத்தில் தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிரிப்பார்கள். 2012 ஜனவரி 31-ல் ரஃபேல் குறைந்த விலை என்று அறிவிப்பு வந்தது. வினையே அதற்குப் பிறகுதான்.

126-ல் 18 பறக்கும் நிலையில் வரணும், 108-ஐ நம் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். இங்கே கட்டணும். அந்த 108-க்கு எத்தனை மனித மணி ஆகும் என்பதில் முட்டிக்கொண்டது. ரஃபேல் தயாரிக்கும் டசோ தன் தொழிற்சாலை மணியை வைத்துக் கணக்குப் போட்டது. எச்.ஏ.எல். கேட்டது அதைப்போல 2.7 மடங்கு. மணி ஏறினால் கூலி ஏறும், கூலி ஏறினால் மொத்த விலை ஏறும், அப்புறம் 'குறைந்த விலை' என்ற பட்டமே ஆட்டம் காணும். இங்கே கட்டும் விமானத்தின் தரத்துக்கு யார் பொறுப்பு என்பதிலும் டசோ கையெழுத்துப் போட மறுத்தது. 2015 மார்ச்சில் அமைச்சகக் குழுவே, டசோவைக் குறைந்த விலைக்காரர் என்று சொல்ல முடியாது, டைஃபூன்காரர்களின் விலைப்புள்ளியும் டெண்டர் நிபந்தனைக்கு முழுசாகப் பொருந்தவில்லை, டெண்டரைத் திரும்பப் பெறுங்கள் என்று பரிந்துரைத்தது. அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கையில் இருக்கு. ஏப்ரல் 10-ல் பாரிஸில், அதற்குப் பதிலாக 36 ரஃபேல் வாங்கும் அறிவிப்பு.

ஆக, இங்கே கட்டப்போகும் நிறுவனத்தின் மனித மணியையும் தரப் பொறுப்பையும் விலை உறை பிரிப்பதற்கு முன்பே டெண்டரில் எழுதிப் பூட்டணும். உறை பிரித்த பிறகு பேசலாம் என்று விட்டால் 126 போன வழியிலேயே 114-ம் போகும்.

கணக்குப்பிள்ளை
விலை பற்றி நான் சேர்க்கிறேன். 36 ரஃபேலுக்கான 59,000 கோடி ரூபாயை 36-ஆல் வகுத்து 'ஒரு விமானம் 1,600 கோடி' என்று சொல்வதை முதலில் விடணும். 2016 செப்டம்பர் 23-ல் கையெழுத்தானது 787 கோடி யூரோ. அப்போது பத்திரிகைகளில் வந்த பிரிப்புப்படி, வெறும் விமானத்துக்கு ஏறத்தாழ 340 கோடி யூரோ. உதிரிபாகம், பயிற்சிக் கருவி, தள வசதி எல்லாம் சேர்ந்து 180 கோடி. இந்தியாவுக்கென்று செய்த 13 மாற்றங்களுக்கு 170 கோடி. ஆயுதம் 70 கோடி. பராமரிப்பு ஒப்பந்தம் 35 கோடி. அதாவது வெறும் விமானம் பாதிக்கும் குறைவு.

இந்த 170 கோடியில் வடிவமைப்பு, சோதனை எல்லாம் ஒரு தடவைச் செலவு. அடுத்த ஆர்டரில் விற்பவர் அதையே வேறு தலைப்பில் மறுபடி நுழைக்கிறாரா என்று வரிவரியாகப் பார்க்கணும். இரண்டாவது, விலையேற்றச் சூத்திரம். 126 டெண்டரில் இருந்ததைவிட 36-ல் நமக்குச் சாதகம். ஐரோப்பியப் பணவீக்கக் குறியீட்டைப் பார்த்து ஏறும், ஆனால் உச்சவரம்பு 3.5%. பத்து வருடம் பிரித்து டெலிவரி எடுக்கும் ஒப்பந்தத்தில் அரை சதவீதமே பெரிய தொகை. மூன்றாவது, முன்பணத்துக்கு ஈடு. பிரான்ஸ் அரசு உத்தரவாதமும் தரவில்லை, வங்கி உத்தரவாதமும் இல்லை, பிரான்ஸ் பிரதமர் கையெழுத்திட்ட ஓர் ஆறுதல் கடிதம்தான். சி.ஏ.ஜி. அதைக் குறித்திருந்தது. அரசுக்கு அரசு ஒப்பந்தம் என்பதால் இதெல்லாம் தானாக வந்துவிடாது, கேட்டு எழுதி வாங்கணும்.

ஸ்பேனர்
கணக்கெல்லாம் சரிதான். ஆனால் விமானம் வாங்கி நாலு வருடம் கழித்து வரும் கேள்வி ஒன்றே ஒன்று: காலையில் எத்தனை பறக்கும்?

சுகோய்-30-ஐ எடுங்க. எண்ணிக்கையில் நம்மிடம் அதிகம் இருப்பது அதுதான், நாசிக்கில் கட்டினோம், தஞ்சாவூரில் பிரமோஸ் தூக்கும் ஸ்குவாட்ரனே இருக்கு. ஆனால் 2015-ல் சி.ஏ.ஜி. பார்த்தபோது பறக்கத் தயாராக இருந்தது 55% அளவுதான். அதே வருடம் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் பரிக்கர் நாடாளுமன்றத்தில் சொன்ன விவரத்தில், விசாரித்த 69 எஞ்சின் சம்பவங்களில் 33-க்குப் பேரிங்தான் காரணம். பேரிங் தேய்ந்து உலோகத்தூள் எண்ணெயில் கலக்கும், அந்த எண்ணெய் எஞ்சின் முழுக்கச் சுற்றும். எண்ணெயின் தரத்தைக் கூட்டி, 100 மணிக்கு ஒருமுறை மாற்றியதை 50 மணிக்குக் குறைத்து, எஞ்சினிலும் சில மாற்றம் செய்து சமாளித்தார்கள். இங்கேயே கட்டினாலும் பேரிங் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பிடி இருக்கு.

அந்த அனுபவத்தால்தான் ரஃபேலில் எப்போதும் 75% தயாராக இருக்கணும், அதை விற்பவரே பார்த்துக்கொள்ளணும் என்று ஐந்து வருடத்துக்கு எழுதி வாங்கினார்கள். 114-க்கு ஐந்து வருடம் போதாது. முதல் ஐந்து வருடம் விமானம் புதுசு, தொந்தரவு இருக்காது. ஏழாம் எட்டாம் வருடத்தில் எஞ்சின் முதல் பெரிய ஓவர்ஹாலுக்குப் போகும்போதுதான் விற்பவரின் சாயம் தெரியும். எஞ்சினின் சூடான பகுதியை எங்கே பிரிப்பீர்கள், போய்வர எத்தனை நாள், அதுவரை மாற்று எஞ்சின் எத்தனை கையிருப்பு. இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேணும்.

உற்பத்தி வரிசை ஓடிக்கொண்டிருக்கா என்றும் பாருங்க. நம் தேஜஸ் மார்க்-1ஏ விமானத்துக்கு 2021-ல் அமெரிக்காவிடம் 99 எஞ்சின் ஆர்டர் போட்டோம், முதல் எஞ்சின் கிளம்பியது 2025 மார்ச்சில். அந்த வகைக்கான வரிசை ஐந்து வருடம் தூங்கிக்கிடந்தது. ஒருமுறை மூடிய வரிசையைத் திறக்க, சின்னச் சின்னச் சப்ளையர்களை மறுபடி தேடிப் பிடிக்கணும். உடல் தயாராகி எஞ்சினுக்காகக் காத்து நின்றது ஊருக்கே தெரியும்.

நடுக்கடல்
யாரும் அரசியலைத் தொடலையே. குழாய் எங்கே இருக்கோ அங்கே திருகுபவன் இருப்பான்.

பாகிஸ்தான் காசு கட்டிய 28 எஃப்-16 விமானங்கள் 1990-ல் அமெரிக்காவின் பிரெஸ்லர் சட்டத்திருத்தத்தால் அரிசோனா பாலைவனத்திலேயே நின்றன. துருக்கி அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத் திட்டத்தில் கூட்டாளியாகவே இருந்து பாகங்கள் செய்து கொடுத்தது. ரஷ்யாவின் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணை அங்கே வந்து இறங்கியதும், 2019 ஜூலையில் அமெரிக்கா அதை வெளியே தள்ளியது. நம்மிடமும் எஸ்-400 இருக்கு. எஃப்-35 கனவு காண்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்க அரசு வழிக் கொள்முதலில் இன்னொரு சங்கதி. அதில் எழுதியிருப்பது மதிப்பீட்டு விலை. சுவிட்சர்லாந்து 36 எஃப்-35-க்கு நிலையான விலை என்று மக்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. 2025 ஜூனில் 65 கோடியிலிருந்து 130 கோடி டாலர் வரை கூடும் என்று அவர்களே அறிவிக்க வேண்டி வந்தது.

அதற்காகப் பிரான்ஸ் கொடுத்தால் அமெரிக்கா தலையிட முடியாது என்றும் இல்லை. ரஃபேலில் மாட்டும் ஸ்கால்ப் ஏவுகணைக்குள் ஓர் அமெரிக்கப் பாகம் இருந்ததால் எகிப்துக்கு அதை விற்பதில் 2018-ல் பிரான்ஸே சிக்கியது. கிரிப்பன் ஈ சுவீடன் விமானம்தான், எஞ்சின் அமெரிக்க வடிவமைப்பு. அதனால் கொடி எந்த நாட்டுடையது என்று பார்ப்பதைவிட, எந்தெந்தப் பாகத்துக்கு மூன்றாவது நாட்டின் ஏற்றுமதி அனுமதி தேவை என்ற பட்டியலை டெண்டரோடேயே கேட்கணும். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

மதியழகன்_கோவை
நன்றி எல்லோருக்கும். அப்படியென்றால் முட்டையை ஒரே கூடையில் வைக்காமல் இரண்டு நாட்டிடம் வாங்குவதுதான் புத்திசாலித்தனமா?

ஸ்பேனர்
மாட்டேன் என்பேன். ஏற்கனவே சுகோய், ரஃபேல், மிராஜ், மிக்-29, ஜாகுவார், தேஜஸ் என்று ஆறு வகை. ஒவ்வொன்றுக்கும் தனி சிமுலேட்டர், தனி எஞ்சின் சோதனை மேடை, தனி உதிரிபாகக் கிடங்கு, தனியாகப் பயிற்சி பெற்ற ஆட்கள். அம்பாலாவிலும் ஹாசிமாராவிலும் இன்னும் ஒவ்வொரு ரஃபேல் ஸ்குவாட்ரன் கூடுதலாகத் தாங்கும் வசதி செய்தாச்சு. கடற்படைக்கும் 26 ரஃபேல் எம் 2025 ஏப்ரலில் கையெழுத்தாயிருக்கு. ஏழாவது வகையைக் கொண்டுவந்து நிறுத்துவது பட்ஜெட்டுக்குத் தற்கொலை.

நடுக்கடல்
பட்ஜெட்டுக்குச் சரி. ஆனால் 36, 26, அப்புறம் 114 என்று போனால் 176 விமானத்துக்கு ஒரே நிறுவனம். அப்போது பேரம் பேச நம்மிடம் என்ன இருக்கும்? நம் அஸ்திரா ஏவுகணையை மாட்ட ஒவ்வொரு தடவையும் டசோ, ரேடார் செய்யும் தேல்ஸ் வாசலில் நிற்கணுமா? கடற்படை ஒப்பந்தத்தில் இந்திய ஆயுதங்களைப் பொருத்தும் தொழில்நுட்பத்தையும் தர ஒத்துக்கொண்டதாக அரசு அறிவிப்பிலேயே இருக்கு. 114-ல் அதைவிட ஒரு படி கீழே இறங்கக்கூடாது. நம் பொறியாளர் மிஷன் கம்ப்யூட்டரில் புது ஏவுகணையைத் தாமே சேர்த்துச் சோதிக்க முடியணும், ஒவ்வொரு சேர்ப்புக்கும் தனி பில் வரக்கூடாது.

வாடைக்காற்று
இருவரும் சொல்லாத ஒன்று, வரிசையில் நம் இடம். 2024-ல் டசோ கொடுத்த ரஃபேல் 21, அந்த வருடக் கடைசியில் பாக்கி இருந்த ஆர்டர் 220. அந்த வேகத்தில் வரிசை தீரவே பத்து வருடம். டாடா ஹைதராபாத்தில் ரஃபேல் உடற்பகுதி செய்ய 2025 ஜூனில் ஒப்பந்தம் போட்டிருக்கு, முழு வேகத்தில் மாதம் இரண்டு வரை. ஆனால் உடல் மட்டும் விமானம் இல்லை. இறுதிப் பொருத்தலும் எஞ்சின் வரிசையும் எந்த ஊரில், எந்தத் தேதியில் தொடங்கும் என்று கேளுங்க. தேதி தவறினால் விமானம் ஒன்றுக்கு, மாதம் ஒன்றுக்கு எவ்வளவு அபராதம் என்பதையும் அதே பக்கத்தில் எழுத வைங்க.