பழைய போர்டில் இருந்து தங்கம் எடுப்பது வீட்டிலேயே முடியுமா?

செல்சர்வீஸ்_கோவை:
வணக்கம். செல்போன், லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். செத்துப்போன சர்க்யூட் போர்டு, ராம் எனும் மெமரி அட்டை, பழைய பிராசசர் எல்லாம் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிட்டது. காயலான் கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே விலையில் எடைக்குப் போடச் சொல்கிறார். யூடியூபில் பார்த்தால் ஆசிட் ஊற்றித் தங்கம் எடுக்கிறார்கள். மொட்டை மாடியில் வைத்துச் செய்தால் கட்டுப்படியாகுமா?

கெமிஸ்ட்ரி_வாத்தியார்:
தம்பி, வேண்டவே வேண்டாம். அவர்கள் ஊற்றுவது ராஜதிராவகம், ஒரு பங்கு நைட்ரிக் அமிலம், மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் கிளம்பும் பழுப்புப் புகையை இழுத்தால் முதலில் லேசான இருமலோடு போய்விடலாம், ஆனால் பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். அப்புறம் மிச்சமாகும் திராவகத்தை எங்கே கொட்டுவீர்கள்? செம்பும் ஈயமும் கரைந்த தண்ணீர் அது. உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் பக்கம் போர்டுகளை எரித்து, அரைத்து, ராமகங்கை ஆற்றங்கரை முழுக்கக் கருஞ்சாம்பலாக்கி வைத்திருக்கிறார்கள். சீனாவின் குய்யூவில் இதே தொழில் நடந்தபோது குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. உங்கள் வீட்டிலும் குழந்தைகள் இருப்பார்கள்.

ஸ்மெல்ட்டர்:
ஆபத்து ஒரு பக்கம், கணக்கே உதைக்கிறது. ஒரு போனில் தங்கம் சுமார் 0.03 கிராம். அந்த 0.03 கிராமும் முழுசாக உங்கள் கைக்கு வராது, ஏனென்றால் ஆசிட்டுக்குச் சிக்குவது ராம் ஓரத்திலும் கனெக்டரிலும் இருக்கும் மேல்பூச்சு மட்டும். ஐசி எனும் கறுப்புச் சிப்புக்குள்ளே இருக்கும் மெல்லிய தங்கக் கம்பி பிளாஸ்டிக்குக்குள் அப்படியே கிடக்கும். பெல்ஜியத்தில் ஹோபோக்கன் என்ற ஊரில் உமிகோர் ஆலை இருக்கிறது, அங்கே போர்டை உலையில் போட்டு உருக்குவார்கள். தங்கம், வெள்ளி, பல்லேடியம் எல்லாவற்றையும் உருகிய செம்பு தன்னோடு இழுத்துக்கொள்ளும், பிறகு ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள், புகையைப் பிடித்துச் சுத்தம் செய்யத் தனி ஏற்பாடு உண்டு. பதினைந்துக்கும் மேற்பட்ட உலோகங்கள் அங்கே திரும்பக் கிடைக்கின்றன. மாடியில் ஆசிட் ஊற்றினால் கொஞ்சம் தங்கத்தைத் தவிர மற்றதெல்லாம் சாக்கடைக்குத்தான். எனக்கு இதுதான் மனசு ஆறாத விஷயம்.

செல்சர்வீஸ்_கோவை:
சரி, ஆசிட் யோசனையை விட்டுவிட்டேன். அப்போ நல்ல விலைக்கு எப்படி விற்பது?

பழையசாமான்:
தரம் பிரித்து வையுங்கள் அண்ணா, காசு அதில்தான் இருக்கிறது. போன் போர்டு தனி, ராம் தனி, பிராசசர் தனி, பவர் சப்ளை போர்டு தனி. கடைசியில் சொன்னதில் தங்கம் இல்லாத மாதிரிதான், பெரும்பாலும் செம்பு, இரும்பு மாதிரி மலிவான உலோகங்கள்தான். எல்லாவற்றையும் கலந்து போட்டால் அந்த மட்டமான விலைதான் மொத்தத்துக்கும் கிடைக்கும். போர்டை உடைக்காதீர்கள், பாகங்களைச் சூடு காட்டிக் கழற்றவும் வேண்டாம். பேட்டரியை மட்டும் கழற்றி, முனையில் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள், உப்பிய பேட்டரியைப் பூட்டிய கடைக்குள் ராத்திரி விடவே கூடாது. 2022 மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன, பதிவு இல்லாமல் மறுசுழற்சித் தொழில் செய்யக் கூடாது. பதிவு பெற்ற நிறுவனங்களின் பெயர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் உண்டு. ஒரு கடைச் சரக்குக்கு அவர்கள் வண்டி அனுப்புவது சந்தேகம்தான், பக்கத்துச் சர்வீஸ் கடைகளோடு சேர்ந்து ஒரே லோடாகக் கேளுங்கள்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்:
அதற்காகக் காயலான் கடைக்காரரை ஒதுக்கிவிட வேண்டாம், வீடு வீடாகப் போய்ச் சேகரிப்பது அவர்தான், எந்தக் கம்பெனி வண்டியும் நம் சந்துக்குள் வருவதில்லை. அவரையும் அந்த லோடில் சேர்த்துக்கொண்டால் அவர் சரக்கும் எரிக்கிற இடத்துக்குப் போகாது.

ஸ்மெல்ட்டர்:
இன்னொன்று, போன் போர்டில் மெமரி சிப் இருக்கும், வாடிக்கையாளர் படங்கள் அதில் இருக்கலாம். அரைத்து அழித்ததற்கு நிறுவனத்திடம் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.