'வே' என்ற எழுத்துக்கு எத்தனை பைட்?

பாலாற்றங்கரையான்:
ஊர்ப் படிப்பகத்தில் கரையான் அரித்துக் கிடக்கும் பழைய கூத்து நோட்டீசுகளையும் விழா மலர்களையும் எப்படிக் காப்பாற்றுவது என்று நேற்று இந்த இணைய மன்றத்தில் பேச்சு நடந்தது. அதில் 'அகழிநீர்' என்னும் அன்பர் உதிர்த்த முத்தை அப்படியே தருகிறேன்: "கணினியில் தமிழ் எழுத்து ஒன்றுக்கு மூன்று பைட் இடம் ஆகிறது, ஆங்கிலத்துக்கு ஒன்றே போதும். ஆகவே தமிழைத் தட்டச்சு செய்து இடத்தை அடைப்பதைவிடப் பக்கங்களைப் படமாக எடுத்து வைப்பதே சிக்கனம்." வேலூரில் 26 ஆண்டுகளாக டிடிபி கடை வைத்திருக்கும் எனக்கு இதைப் படித்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. எழுத்து ஒன்றுக்கு மூன்று பைட் என்று இவருக்கு யார் சொன்னது? நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'வேலூர்' என்பதில் உள்ளவை மூன்று எழுத்துகள். அந்த ஒரு சொல்லை மட்டும், எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்துப் பார்த்தேன்; 18 பைட் வந்தது. 'வே' ஆறு, 'லூ' ஆறு, 'ர்' ஆறு. மூன்று என்பவர் கணக்கைக் காட்டட்டும்.

அகழிநீர்:
கணக்கைக் காட்டுகிறேன். யூடிஎஃப்-8 முறையை 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தார்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோடு) குறியீட்டு எண் 128க்குக் கீழே இருந்தால் ஒரு பைட், 2048க்குக் கீழே இருந்தால் இரண்டு, 65536க்குக் கீழே இருந்தால் மூன்று என்பது அதன் விதி. ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை. ஆகவே தமிழுக்கு மூன்று பைட் என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. 'வே' என்பது 'வ' ஒன்று, ஏகாரக் குறி ஒன்று என இரண்டு. இரண்டு மூன்று ஆறு. வாய்ப்பாடு தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.

பாலாற்றங்கரையான்:
வாய்ப்பாடு எனக்கும் தெரியும். இரட்டைக் கொம்பை மட்டும் சிலேட்டில் எழுதி 'இது ஓர் எழுத்து' என்று ஒன்றாம் வகுப்பில் காட்டியிருந்தால் பிரம்படிதான் கிடைத்திருக்கும். கொம்பு எழுத்தன்று. 'வே' எழுத்து. அதற்கு ஆறு பைட்.

காட்பாடிச் சந்திப்பு:
இருவரும் வேலிக்காகச் சண்டையிட்டு வயலை மாட்டுக்கு விட்டுவிட்டீர்கள். மூன்றா ஆறா என்பது கிடக்கட்டும். 'படமாக எடுத்து வைப்பதே சிக்கனம்' என்ற இரண்டாம் பாதியை ஏன் ஒருவரும் தொடவில்லை? ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 2480, உயரத்தில் 3508 புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் வைத்தால் ஒரு பக்கம் 2,60,99,520 பைட். அதே பக்கத்தில் ஈராயிரம் குறியீடுகள் இருப்பதாகக் கொண்டு, யூடிஎஃப்-8இல் தட்டச்சு செய்தால் 6000 பைட். படம் ஏறத்தாழ 4350 மடங்கு பெரியது. ஜேபெக் என்னும் படச் சுருக்க முறையில் பத்தில் ஒரு பங்குக்குச் சுருக்கினாலும் 430 மடங்குக்குக் குறையாது.

அந்த மூன்று பைட்டைப் பார்த்தும் அஞ்ச வேண்டியதில்லை. 'வ' என்பதற்கு 224, 174, 181 என்ற மூன்று பைட்டுகள். ஏகாரக் குறிக்கு 224, 175, 135. தமிழ்த் தொகுதியில் எதை எடுத்தாலும் முதல் பைட் 224தான், இரண்டாவது 174 அல்லது 175தான். மூன்றாவதுதான் செய்தியைச் சுமக்கிறது. முன்னிரண்டும் மாப்பிள்ளைத் தோழர்களைப் போல உடன் வருகின்றன. முன்பு வந்த தொடரே மீண்டும் வந்தால் 'இவ்வளவு தொலைவு பின்னால் போய் எடுத்துக்கொள்' என்று எழுதும் முறையை 1977இல் லெம்பெலும் ஸிவும் தந்தார்கள். அடிக்கடி வருவதற்குக் குட்டையான குறியீடும் அரிதாய் வருவதற்கு நீளமான குறியீடும் கொடுக்கும் வழியை அதற்கும் முன்பே, 1952இல், ஹஃப்மன் காட்டியிருந்தார். கோப்பைச் சுருக்கும் ஜிப் முறையில் இவ்விரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. தமிழ்க் கோப்பை ஜிப் செய்தால் அந்தத் தோழர்களில் பெரும்பாலோர் பந்தியை விட்டு எழுந்துவிடுவார்கள்.

பாலாற்றங்கரையான்:
தாங்களே 'வ' மூன்று, கொம்பு மூன்று என்று எழுதிவிட்டீர்கள். கூட்டினால் ஆறு. நான் சொன்னதை இரண்டு பத்தி எழுதி மெய்ப்பித்தமைக்கு நன்றி.

முள்ளுக்கத்தரி:
நான் கணினி படித்தவன் அல்லன். குடியாத்தத்தில் துணிக்கடை வைத்திருப்பவன். பொங்கலுக்கு வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரு செய்தியாகவும், தமிழில் 70 தாண்டினாலே இரண்டு செய்தியாகவும் கணக்குப் போட்டுப் பணம் வாங்குகிறார்கள். மூன்று பைட் என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 53 வரவேண்டும். ஆறு என்றால் 26 வரவேண்டும். 70 எங்கிருந்து வந்தது? யாராவது சொன்னால் நல்லது.

காட்பாடிச் சந்திப்பு:
குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்; பைட்டுக்கு எட்டு பிட் என 1120 பிட். ஆங்கில எழுத்து அங்கே 7 பிட்டில் அடங்குவதால் 160 பிடிக்கும். தமிழ் வந்தவுடன் செய்தி முழுவதும் 16 பிட் முறைக்கு மாறிவிடுகிறது. குறியீடு ஒன்றுக்கு இரண்டு பைட், எனவே 70. அங்கே 'வே' நான்கு பைட்தான். இடையில் 'பொங்கல்' என்று ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டாலும் மற்ற ஆங்கில எழுத்துகளும் இரண்டிரண்டு பைட் ஆகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாலாற்றங்கரையான்:
இப்போது நான்கா? நாளை இரண்டு என்பீர்கள், நாளன்றைக்கு இலவசம் என்பீர்கள். நான் பேசுவது யூடிஎஃப்-8. அதில் ஆறு.

மேலும், 70 'எழுத்து' என்று கத்தரிக்காரருக்குச் சொன்னவர்களும் அவரை ஏமாற்றியிருக்கிறார்கள். 'வேலூர்' என்று எழுதினாலே ஆறு இடம் போய்விடும். எங்கள் காலத்து எட்டு பிட் எழுத்துருக்களில் இந்த வம்பே கிடையாது. எழுத்துக்கு எண் கொடுக்கும் அந்தப் பழைய டிஸ்கி முறையில் இரட்டைக் கொம்பு ஒன்று, 'வ' ஒன்று, 'லூ' ஒன்று, 'ர்' ஒன்று என நான்கே பைட்டில் வேலூர் முடிந்துவிடும். கொம்பை முதலில் அடித்துவிட்டு வகரத்தைப் பின்னால் அடிப்போம். கையால் எழுதும் வரிசையும் அதுதானே. ஒருங்குறியில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் கோப்பில் பின்னால் நிற்கிறது. இதை முன்னேற்றம் என்கிறார்கள்.

காட்பாடிச் சந்திப்பு:
அந்த நான்கு பைட்டைப் பிரித்துப் படிக்க அதற்குரிய எழுத்துரு கூடவே இருக்க வேண்டும் என்பதை அண்ணன் விட்டுவிட்டார். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் மேலே கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும் பவுண்டுக் குறியும்தான் தெரியும். கடைக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம் (எழுத்துக்கு எண் தரும் முறை) என்று இருந்த காலத்தில் தட்டச்சு செய்தவை எத்தனை குறுந்தகடுகளில் செத்துக் கிடக்கின்றன?

மற்றொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு விழா மலரை ஒருங்குறிக்கு மாற்றித் தரும்படி அண்ணனிடம் கொடுத்திருந்தோம். வந்த கோப்பில் 'கோட்டை' என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்தைப் புரட்டினால் கோட்டை கோட்டையாக நிற்கிறது. காரணம் என்ன தெரியுமா? ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். ஒருங்குறி விதிப்படி இரண்டும் சமம். கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் முதலாவதில் 'கோட்டை' 18 பைட், இரண்டாவதில் 21 பைட். இரண்டையும் ஒருமைப்படுத்தாத தேடல் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். அண்ணன் தந்த கோப்பு முழுவதும் கொம்பும் காலும் தனித்தனியே கிடந்தன. 210 பக்கத்தையும் நானே உட்கார்ந்து சரிசெய்தேன்.

பாலாற்றங்கரையான்:
அந்த மலருக்குரிய மீதிப் பணம் இன்றுவரை வந்து சேரவில்லை என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் வரலாறு முழுமை பெற்றிருக்கும். போகட்டும். தம்பியின் வாய்மொழிப்படியே இரண்டாம் முறையில் 'கோ' என்ற ஓர் எழுத்துக்கு ஒன்பது பைட் ஆகிறது. ஆறு, இல்லையேல் ஒன்பது. மூன்று எங்கே?

சுண்ணக்கட்டி:
ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். எழுத்து முப்பது என்றுதான் தொல்காப்பியர் தொடங்குகிறார். உயிர் 12, மெய் 18, சார்ந்து வருவன மூன்றும் தனி. பள்ளியில் நாம் 247 என்று கற்பிக்கிறோம். இலக்கணப்படி 'ர்' அடிப்படை. அதனோடு அகரம் சேர்ந்து 'ர' பிறக்கிறது. ஒருங்குறியோ இந்திய மொழிகளுக்கென 1988இல் வந்த இஸ்கி முறையைப் பின்பற்றி அகரமேறிய 'ர'வை அடிப்படையாக்கி, அதன்மேல் புள்ளியைக் கூட்டி 'ர்' செய்கிறது. அதனால்தான் தாய்க்கு ஆறு பைட்டும் பிள்ளைக்கு மூன்று பைட்டும் ஆகின்றன. அகழிநீர் எழுத்து என்று சொல்வது குறியீட்டை. பாலாற்றங்கரையான் சொல்வது 247இல் ஒன்றை. எழுத்து என்ற சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறோம் என்று முதலில் இருவரும் சொல்லிவிட்டால் இவ்வழக்கு முடிந்துவிடும்.

பாலாற்றங்கரையான்:
ஐயாவிடம் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் கோப்பின் அளவுக்கு நூற்பா தேவையில்லை, வலது பொத்தானை அழுத்தினால் போதும். 18 என்று காட்டுகிறது.

அகழிநீர்:
ஐயா எழுதியதை நன்றாகப் படியுங்கள். பிள்ளைக்கு மூன்று பைட் என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். என் பக்கம் வலுத்துவிட்டது.

தமிழக அரசு 2010இல் ஏற்றுக்கொண்ட தேஸ்-16 என்ற தமிழ்க் குறியேற்ற முறையில் உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. அதை யூடிஎஃப்-8இல் எழுதினால் 'வே' என்ற முழு எழுத்துக்கே சரியாக மூன்று பைட், வேலூருக்கு ஒன்பது. அண்ணனின் எழுத்துக் கணக்குப்படியே பார்த்தாலும் மூன்று வருகிறது. படங்களைப் பற்றி நான் சொன்னதும் தவறன்று. ஜேபெக்கின் உயிர்நாடியான கொசைன் உருமாற்றத்தை 1974இல் வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். நம்மவர்கள் கண்டுபிடித்த சுருக்க முறையை நாமே இகழ்வது அழகா?

முள்ளுக்கத்தரி:
நடராஜன் என்றால் தமிழராகத்தான் இருக்க வேண்டும். எந்த ஊர்?

காட்பாடிச் சந்திப்பு:
பெயரைப் பார்த்து ஊரைச் சொல்லும் சோதிடம் எனக்குத் தெரியாது. அவர்கள் கண்டது எதற்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் ஒளியை வைத்துக்கொண்டு, சட்டென்று மாறும் நுணுக்கங்களைக் கண் அவ்வளவாகக் கவனிக்காது என்ற நம்பிக்கையில் கழித்துக் கட்டுகிறது. முகத்துக்கும் வானத்துக்கும் அது பொருந்தும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்பது முழுக்க முழுக்கச் சட்டென்று மாறும் நுணுக்கம். ஒரு கூத்து நோட்டீசின் படம் வாட்சப்பில் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போலப் பொட்டுகள். ரகரத்தின் மேலிருந்த புள்ளி அந்தக் கொசுக்களில் ஒன்றாகக் கரைந்து, கர்ணன் 'கரணன்' ஆகியிருந்தான். கழிக்கப்பட்டது திரும்பி வராது. இழப்பில்லாமல் வைக்க வேண்டுமானால் டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாக வையுங்கள்.

இதைவிடக் கொடுமையும் உண்டு. ஒன்றைப் போல் தோன்றும் எழுத்துருவங்களை ஒரே அச்சாகக் கொண்டு திரும்பத் திரும்பப் பதிக்கும் ஜேபிக்-2 என்ற முறையால், நகலெடுக்கும் இயந்திரங்கள் 6 இருந்த இடத்தில் 8ஐ அச்சிட்டு வந்ததை 2013இல் ஜெர்மனியின் டேவிட் க்ரீசல் வெளிப்படுத்தினார். மங்கலாகவும் இல்லை; தெளிவாக, தவறாக இருந்தது. அந்த இயந்திரத்தில் நம் ரகரமும் காலும் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆரணிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். என் தந்தையார் பாரதக் கூத்தைப் பதிவு செய்த 90 நிமிட கேசட்டுகள் 40 வீட்டில் உள்ளன. நாடா ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. எப்படிக் கணினியில் ஏற்றுவது, எவ்வளவு இடம் தேவைப்படும்?

காட்பாடிச் சந்திப்பு:
நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரண்டு தடம் என்ற குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு கேசட் 95,25,60,000 பைட் ஆகும். இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் முறையில் மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிறருக்கு அனுப்ப மட்டும் எம்பி3 செய்யுங்கள். 128 கிலோபிட் என்றால் கேசட்டுக்கு 8,64,00,000 பைட். ஆனால் எம்பி3, பலத்த ஒலிக்கு அடியில் மறையும் மெல்லிய ஒலியைக் காது கேட்காது என்று கணித்து நீக்கிவிடும். பலத்து ஊதும் முகவீணைக்கு அடியில் பின்பாட்டுக்காரரின் குரல்...

பாலாற்றங்கரையான்:
ஒலியைப் பற்றி ஆரணிக்காரர் தனியே கேட்கட்டும். இது எழுத்தைப் பற்றிய இழை. அகழிநீர் சொன்ன தேஸ்-16ஐ எந்தக் கைப்பேசியில் அடிக்கிறார் என்று முதலில் தெரிவிக்கட்டும். என் கடைக்கு வருகிறவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. ஊரில் ஓடாத வண்டிக்கு மைலேஜ் பேசுகிறார்.

அகழிநீர்:
ஊரில் ஓடாத டிஸ்கிக்கு நான்கு பைட் என்று பெருமை பேசியவர் யார் என்பதை மேலே போய்ப் பார்க்கவும். மூன்று என்பது மூன்றுதான்.

ஆரணிக்காரன்:
பின்பாட்டுக்காரரின் குரல் என்ன ஆகும் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. என் தந்தையார்தான் பின்பாட்டு.

பாலாற்றங்கரையான்:
திருமண முகூர்த்த நாள் என்பதால் கடையில் கூட்டம். அழைப்பிதழின் தலைப்பில் 'ஸ்ரீ' என்று ஒன்று போட்டேன்; அந்த ஒன்றுக்கு மட்டும் 12 பைட். மூன்றுக்காரர் இதற்கு என்ன சொல்லப்போகிறார் என்பதை இரவு கடையைச் சாத்திவிட்டு வந்து பார்க்கிறேன்.