ராத்திரியானால் அரிப்பு. இது பால்வினை நோயா?

தூக்கம்போனவன்:
வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், கேலி மட்டும் வேண்டாம். வயது 28. ஏழு வாரங்களுக்கு முன்னால் ஒரு தோழியுடன் ஒரே ஒரு முறை உறவு. ஆணுறை போட்டிருந்தேன், கிழியவும் இல்லை. நான்காவது வாரக் கடைசியில் தொடை இடுக்கில் அரிக்க ஆரம்பித்தது. அப்புறம் அடிவயிறு, பெல்ட் படுகிற இடம். இப்போது ஆணுறுப்பின் தோலில் மிளகு அளவில் இரண்டு கட்டிகள், செம்பழுப்பு நிறத்தில். வலியே இல்லை, அரிப்புதான். பகலில் வேலை இருந்தால் மறந்தே போகிறது. போர்வைக்குள் நுழைந்ததும் ஆரம்பித்துவிடுகிறது.

ராத்திரி இரண்டு மணிக்குக் கைபேசி வெளிச்சத்தில் பார்ப்பதும், இணையத்தில் படங்களோடு ஒப்பிடுவதுமாகப் பொழுது போகிறது. ஒரு நாள் சிஃபிலிஸ், மறுநாள் ஹெர்பிஸ், நேற்று எச்ஐவி. பரவுகிறதா என்று பார்க்கத் தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுப் படுத்தேன். காலையில் வட்டத்துக்கு உள்ளும் புறமும் நகக்கீறல். தடிப்பு எது, கீறல் எது என்றே தெரியவில்லை. மருந்துக்கடையில் கேட்டு ஒரு கிரீம் வாங்கிப் பத்து நாள் தடவினேன். முதல் மூன்று நாள் சொர்க்கம். நிறுத்தியதும் முன்பைவிட மோசம்.

பயத்தில் அந்தத் தோழிக்கு, 'உனக்கு ஏதாவது இருந்து மறைத்துவிட்டாயா?' என்று செய்தி அனுப்பித் தொலைத்தேன். பதில் இல்லை. இவ்வளவு அரித்தால் பால்வினை நோய்தானா?

சொறிந்து_தெளிந்தவன்:
நண்பரே, எனக்குத் தெரிந்தவரை இது படர்தாமரை. எனக்கும் தொடை இடுக்கில் வந்து, நானும் எச்ஐவி வரை போய்த் திரும்பி வந்தவன். வளையம் மாதிரி ஓரம் சிவந்து தடித்து, நடுவில் மட்டும் தெளிந்திருந்தால் அதுவேதான். அந்த கிரீம் டியூபை எடுத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், பூஞ்சை அடியில் ஜோராக வளரும். எனக்கு ஒரு மாதத்தில் ஆற வேண்டியது ஐந்து மாதம் இழுத்தது அந்தப் புண்ணியத்தில்தான்.

தோல்வார்டு_நர்ஸ்:
தம்பி, ஸ்டீராய்டு பற்றி மேலே இருப்பவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் படர்தாமரை ஆணுறுப்பைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். நீங்கள் சொல்லும் கட்டி, ராத்திரி அரிப்பு, பெல்ட் இடம், நான்கு வாரக் கணக்கு எல்லாம் சேர்ந்தால் எனக்கு முதலில் தோன்றுவது சிரங்கு, அதாவது ஸ்கேபீஸ். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். முதல் முறை வருகிறவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். விரலிடுக்கையும் மணிக்கட்டையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பென்சிலால் லேசாகக் கிறுக்கியது போல, சில மில்லிமீட்டர் நீளத்தில் கோணல் கோடு இருக்கிறதா?

இது பால்வினை நோயா என்றால், ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். உடலோடு உடல் நெடுநேரம் ஒட்டினால் தொற்றும், அதனால் உறவின்போதும் தொற்றும். ஆணுறை இதைத் தடுக்காது. ஒரே படுக்கையில் தூங்கினாலும் தொற்றும்.

நீங்கள் பயப்படும் மற்றவை இப்படி அரிக்காது. சிஃபிலிஸின் முதல் புண்ணுக்கு வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் வரும் தடிப்பும் பொதுவாக அரிக்காது. ஹெர்பிஸ் கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளம், எரிச்சல், வலி. எச்ஐவியின் தொடக்கத்தில் தடிப்பு வந்தால் பெரும்பாலும் காய்ச்சலும் கூட வரும், பலருக்கு எதுவுமே வராது. கிளமிடியா என்கிற பால்வினைத் தொற்றும் அப்படித்தான், சத்தமே இல்லாமல் இருக்கும். அதனால் தோலைப் பார்த்துப் பார்த்து முடிவு கட்ட முடியாது, பரிசோதனைதான் சொல்லும். எச்ஐவிக்கு ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை (கிருமியின் புரதத்தையும் அதற்கு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடுவது) 45 நாளுக்குப் பிறகு நம்பகமானது, நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். சிஃபிலிஸுக்கு இப்போது ஒரு முறை, மூன்று மாதம் முடிந்ததும் ஒரு முறை ரத்தம் கொடுங்கள்.

ஒரு கேள்வி: உங்களுடன் இருப்பவர்கள் யாராவது சொறிகிறார்களா?

தூக்கம்போனவன்:
அக்கா, படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. அறை நண்பன் இரண்டு மாதத்துக்கும் மேலாகச் சொறிகிறான். வியர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தான். ஒரே மெத்தையில்தான் படுக்கிறோம். விரலிடுக்கைப் பார்த்தேன், இடது கையில் அந்தக் கோடு இருக்கிறது.

தோல்வார்டு_நர்ஸ்:
அப்படியென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். டெர்மாஸ்கோப், அதாவது தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி, வைத்தால் பூச்சி இருக்கும் இடம் தெரிந்துவிடும். பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் 5 சதவீத கிரீம் கொடுத்தால் அரிக்கிற இடத்தில் மட்டும் தடவாதீர்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடி, பிட்டத்து இடுக்கு உட்பட தடவி, எட்டு முதல் பதினான்கு மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி தடவ வேண்டும், எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். இருவரும் ஒரே ராத்திரியில் தடவுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும். துணியையும் விரிப்பையும் வெந்நீரில் துவையுங்கள், துவைக்க முடியாததை ஒரு வாரம் பையில் கட்டி வையுங்கள். பூச்சி செத்த பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிக்கும். கட்டி மறைய இன்னும் நாளாகலாம். அதைப் பார்த்துத் திரும்பவும் திரும்பவும் தடவாதீர்கள்.

இன்னொன்று. நண்பருக்கு அரிப்பு உங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கிறது. அப்படியானால் தோழியுடன் இருந்த அன்றே உங்கள் உடம்பில் பூச்சி ஏற்கனவே இருந்திருக்கலாம். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்.

தூக்கம்போனவன்:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். சிரங்குதான். மருத்துவர் விரலைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். இரண்டு முறை தடவியாயிற்று, நேற்று முழு ராத்திரி தூங்கினேன். எச்ஐவி, சிஃபிலிஸ் இரண்டும் இப்போதைக்கு இல்லை. சிஃபிலிஸுக்கு மட்டும் அடுத்த மாதம் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.

மருத்துவரைப் பார்த்த அன்றே அவளுக்கும் எழுதினேன். எழுதி எழுதி அழித்து, கடைசியில், 'நீ எதையும் மறைக்கவில்லை. ஒருவேளை என்னிடமிருந்து உனக்குச் சிரங்கு வந்திருக்கலாம். அப்படிக் கேட்டதற்கு மன்னித்துவிடு' என்று அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. 'மூன்று வாரமாக மணிக்கட்டு அரிக்கிறது. மருந்து பெயரை அனுப்பு' என்றிருந்தது.