ரெட் டெயில் ஷார்க் குஞ்சுகளைப் புழல் ஏரியில் விடலாமா?

அகிலன், பெரம்பூர்:
கொளத்தூர் கடைகளில் ரெட் டெயில் ஷார்க் (பேர்தான் ஷார்க்; கருப்பு உடலும் சிவப்பு வாலும் உள்ள சின்ன தொட்டி மீன்) தாராளமாகக் கிடைக்கிறது. அதன் சொந்த ஆற்றில் அநேகமாக அழிந்துவிட்டது என்கிறார்கள். நாலு வாங்கி, குஞ்சு எடுத்துப் புழல் ஏரியில் விட்டால் இனம் பிழைக்குமா? தொட்டி 4×1½×1½ அடி, மெட்ரோ வாட்டர்.

பழனி, கொளத்தூர்:
ஏரியில் மட்டும் விட்டுடாதீங்க சார். இது தாய்லாந்தின் சாவோ பிராயா ஆற்றுப்படுகை மீன். அணை கட்டியது, சதுப்பு நிலத்தை வற்றவைத்தது, தண்ணீர் கெட்டது எல்லாம் சேர்ந்து 1996-ல் 'இயற்கையில் அற்றுப்போனது' என்று ஐயுசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) பட்டியலில் ஏறியது. 2011 மதிப்பீட்டில் அங்கே சிறு கூட்டம் மிச்சமிருப்பது தெரிந்து, 'மிகவும் அருகிய இனம்' ஆனது. அந்த ஆறு சரியானால்தான் மீன் பிழைக்கும். இங்கே விட்டால் ஒன்று செத்துப்போகும், இல்லை நம்ம ஊர் மீனின் இடத்தைப் பிடிக்கும். டேங்க் கிளீனரை (தொட்டிப் பாசியைத் தின்னும் வெளிநாட்டு மீன்) இப்படி விட்டுத்தானே ஏரியெல்லாம் அதுவாகக் கிடக்கிறது!

மீரா, வியாசர்பாடி:
அந்தத் தொட்டியில் (சுமார் 250 லிட்டர்) ஒன்றே ஒன்று போதும். நாலு விட்டால் பலமானது மற்ற மூன்றையும் மூலைக்கு விரட்டும். அடிபட்டதுக்குக் கருப்பு சாம்பலாகும், வால் சிவப்பு வெளிறும், தீனிக்கு வராது. நோய் என்று மருந்து ஊற்றுவார்கள். வியாதியே இல்லை, பயம். வாங்கும்போது துடுப்பைப் பாருங்கள்: வால் மட்டும் சிவப்பாக இருக்கணும். எல்லாத் துடுப்பும் சிவந்திருந்தால் அது ரெயின்போ ஷார்க்.

அகிலன்:
விடும் யோசனையை விட்டுட்டேன். வீட்டில் குஞ்சாவது எடுக்க முடியுமா?

பழனி, கொளத்தூர்:
தொட்டியில் தானாக முட்டையிடுவது மிக அபூர்வம். பண்ணைகளில் ஹார்மோன் ஊசிதான். கெண்டை இனங்களுக்குப் பெண் மீனுக்குக் கிலோவுக்கு 0.5 மி.லி. வரை போடுவார்கள். 20 கிராம் மீனுக்கு அது 0.01 மி.லி.; சிரிஞ்சில் அளக்கவே வராது. ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு சலைன் (மருத்துவ உப்புநீர்) கலந்து 0.1 மி.லி. போடணும். கை தவறினால் தாய்மீன் போச்சு. பழகாதவர் தொடவேண்டாம்.

மீரா, வியாசர்பாடி:
மெட்ரோ வாட்டரை ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் சொட்டு மருந்து) போட்ட பிறகே ஊற்றுங்கள். வாரம் கால்வாசி மாற்றினால் போதும். மே மாதம் தண்ணீர் 32 டிகிரி தொடும். மேலே ஃபேன் வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். துள்ளும் மீன், அதனால் கண்ணாடி மூடிக்குப் பதில் வலை மூடி போடுங்கள், காற்றும் போகும்.