குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் வரைக்கும் என்ன வழி?

செல்வி (கிராம சுகாதார செவிலியர்):
2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 9.4 சதவீதம் பேருக்குக் குழந்தை இப்போது வேண்டாம், அல்லது இனி வேண்டவே வேண்டாம். ஆனால் எந்தக் கருத்தடையும் இல்லாமல் இருக்கிறார்கள். நூற்றுக்கு ஒன்பதுதானே என்று தோன்றும். போன வாரம் எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கணவர் துபாயில் வேலை, ஒரு மாத லீவில் வந்து போயிருக்கிறார். "பால் குடுத்துட்டுதான இருக்கேன், கரு நிக்காதுன்னு நினைச்சேன்க்கா" என்றாள். பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு. குழந்தை அவள் தாலிக்கயிற்றை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. தாய்ப்பால் காப்பது முதல் ஆறு மாதம்தான். அதுவும் வேறு உணவு கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான். இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ராஜகோபால்:
வருத்தமான விஷயம்தான். ஆனால் அதே ஆய்வு தமிழ்நாட்டில் பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்கிறது. மக்கள்தொகை நிலையாக நிற்க 2.1 வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் ஆறே பிள்ளைகள். ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு கூட 2024-இல் அதிகம் பெற்றுக்கொள்ளச் சொன்னார். இந்த நிலையில் கருத்தடை போதவில்லை என்று பேசுவது எனக்குப் புரியவில்லை.

செல்வி:
சார், அந்த 1.8 எப்படி வந்தது என்று பாருங்கள். இங்கே மணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கல்யாணம், ஒரு பிள்ளை, மூச்சு விடுவதற்குள் அடுத்தது, அப்புறம் ஆபரேஷன். இரண்டுக்கும் நடுவில் மூன்று வருடம் இடைவெளி வேண்டும் என்பவளுக்கு என்ன இருக்கிறது? பிள்ளை குறைவாகப் பிறக்கிறது என்பதற்காக, அவள் நினைத்த நேரத்தில் பிறக்கிறது என்று ஆகிவிடாது.

மலர்விழி:
செல்வி அக்கா, உங்கள் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. என் தங்கைக்குப் பிரசவம் முடிந்த கையோடு, கருப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி போட்டுவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உதிரப்போக்கு நிற்காமல் போன பிறகுதான் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தோம். எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை நடந்தாள். "போகப் போகச் சரியாகிடும்" என்றே அனுப்பினார்கள். ஆய்வுக் கணக்கில் அவள் கருத்தடைத் தேவை நிறைவேறிய பெண்! 2014-இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரு கருத்தடை முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அங்கே அப்போது நடந்த முகாம்களில் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். மூன்று வருடத்துக்குள் முகாம்களை நிறுத்துங்கள் என்று 2016-இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. பெண்கள் பயப்படுவது அறியாமையால் அல்ல.

செல்வி:
உங்கள் தங்கைக்கு நடந்தது தப்பு. அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்துக்கு மருந்து, வழிகளைக் குறைப்பது இல்லை. 2017 முதல் அந்தரா என்ற கருத்தடை ஊசியும் சாயா என்ற கருத்தடை மாத்திரையும் அரசுத் திட்டத்தில் இலவசம். ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. சாயா முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, அப்புறம் வாரம் ஒன்று. ஊசி போட்டால் மாதவிலக்கு முன்பின்னாகும், சிலருக்கு வராமலும் போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் இரண்டாவது ஊசிக்கு வர மாட்டாள். சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம்தான் கிடைப்பதில்லை.

ராஜகோபால்:
1.8 பற்றிய கவலையை நான் விடவில்லை. ஆனால் இத்தனை பேச்சில் கணவன் எங்கே?

செல்வி:
இங்கே ஆண்கள் செய்துகொள்ளும் கருத்தடை ஆபரேஷன் ஆயிரம் தம்பதிகளில் ஒன்றுதான். தழும்பில்லாத முறையில் பத்து இருபது நிமிட வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்யும்வரை ஆணுறை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் "மூட்டை தூக்குறவன், பலம் போயிடும்" என்பார்கள். பலம் போகாது. நெருக்கடி நிலைக் காலத்தில் வடக்கே ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்ததில் வந்த பயம் வேறு. அதற்குப் பிறகு மொத்தப் பாரமும் பெண்கள் மேல் விழுந்தது.

மலர்விழி:
எட்டு மாதக் குழந்தையோடு வந்த அந்தப் பெண் என்ன செய்தாள்?

செல்வி:
"மாமியார்கிட்ட கேட்டுட்டு வரேன்" என்றாள். பெறுவதா கலைப்பதா என்பது உன் முடிவு, கலைப்பதானால் 1971 சட்டப்படி உன் கையெழுத்து மட்டும் போதும், கணவர் கையெழுத்துகூட வேண்டாம் என்றேன். இரண்டு முறை திருப்பிக் கேட்டாள். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.