அம்மாவுக்கு அடுத்து எந்தத் தன்வரலாறு?

வணக்கம். அம்மா உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ படித்து முடித்தார். படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று உ.வே.சா. அடுக்கிக்கொண்டே போக, நீதிபதியாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் அசராமல் சீவகசிந்தாமணியைப் பற்றி விசாரிக்கும் இடத்தை எனக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினார். அந்தப் பக்கத்தில் இன்னும் பஸ் டிக்கெட் ஒன்று அடையாளமாக இருக்கிறது. 1942-ல் உ.வே.சா. காலமானதால் நூல் பாதியில் நிற்கிறதே என்று அம்மாவுக்கு ஆற்றாமை.

அப்புறம் பாமாவின் ‘கருக்கு’ கொடுத்தேன். இரண்டே நாளில் முடித்துவிட்டு, பெண்கள் தங்கள் வாழ்க்கையை எழுதிய புத்தகம் இன்னும் வேண்டும் என்கிறார். ஆசிரியை, நர்ஸ், நாடக நடிகை, யார் எழுதியதானாலும் சரி. தமிழிலேயே எழுதியதாக இருந்தால் நல்லது. கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். நீங்கள் படித்து மனதில் நின்றதைச் சொல்லுங்கள், எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்து.