சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இருந்தால் போதும்

காலேஜில் சேர்ந்த புதிதில், கொஞ்ச நேரம் காற்றாட உட்கார எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் நூலகத்துக்கு முன்னால் இருக்கும் புல்வெளியைத்தான் காட்டினார்கள். அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் நடுவில் போய் உட்கார்ந்தால் நான்கு பக்கமும் ஆள் நடமாட்டம். முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள், யாருடைய ரீல்ஸில் நாமும் விழுகிறோம் என்று கழுத்து திரும்பிக்கொண்டே இருக்கும். தெரிந்தவர்கள் வந்தால் "அசைன்மென்ட் முடிச்சிட்டியா?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். அதைக் கேட்க வகுப்பிலேயே இருந்திருக்கலாம்!

இப்போது நான் போகும் இடம் போட்டோவுக்கு லாயக்கில்லாதது. ஆய்வகக் கட்டடத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு சிமெண்ட் மேடை. முதுகுக்குச் சுவர், தலைக்கு மேல் மரக்கிளை, எதிரே களை மண்டிய வெட்டவெளி, அதற்கப்பால் மைதானம். பந்து அடிக்கும் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். என்னை யாரும் விளையாடக் கூப்பிட மாட்டார்கள்.

இந்த இடம் ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்று தேடிப் படித்ததில், ஜே ஆப்பிள்டன் என்ற புவியியலாளர் 1975-இல் முன்வைத்த கருத்து கண்ணில் பட்டது. தூரம் வரை பார்க்க முடிய வேண்டும், அதே நேரம் நாம் ஒதுங்கிக்கொள்ள ஒரு மறைவும் வேண்டும். இரண்டும் சேர்ந்த இடமே மனிதர்களுக்கு இதமாக இருக்கும் என்கிறார். புல்வெளியில் முதலாவது மட்டும்தான் இருந்தது. ரேச்சல் காப்லன், ஸ்டீபன் காப்லன் என்ற உளவியலாளர்கள் சொல்வதும் எனக்குப் பொருந்துகிறது. பாடத்தில் வலுக்கட்டாயமாக மனதை நிறுத்தி நிறுத்திக் களைத்துப்போகிறோம். இலை அசைவது, மேகம் நகர்வது எல்லாம் தானாகவே கவனத்தை மெல்ல இழுத்துக்கொள்வதால் அந்தக் களைப்பு ஆறுகிறதாம். அங்கேயும் போனை நோண்டினால் அது நடக்காது, இது என் சொந்த அனுபவம்.

அந்த மேடையில் எனக்கு முன்பே ஒரு சீனியர் அக்கா உட்காருவார். முதல் தடவை தயங்கி நின்று, "அக்கா, இங்க உட்காரலாமா?" என்று கேட்டேன். "உட்காரு. அந்த மூலையில மட்டும் வேணாம், எறும்பு இருக்கு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் பார்க்கும்போதெல்லாம் ஒரு தலையசைப்பு, பிறகு அவர் வேலை அவருக்கு, என் வேலை எனக்கு. கூட ஆள் கூட்டி வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேரும் கூட்டி வந்ததில்லை. பேசாமல் பக்கத்தில் இருக்கும் ஒரு ஆள் இவ்வளவு ஆறுதலாக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இடம் தேடுகிறவர்கள் அழகைவிட, எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். ஏரிக்கரையும் மலையும் லீவு நாளுக்குச் சரி. இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் போய்விட்டு வர முடிகிற இடம்தான் தினமும் கைகொடுக்கும். கல்லூரி வயதினரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, இயற்கைச் சூழலில் 10 நிமிடம் உட்கார்ந்தாலோ நடந்தாலோகூட மன அழுத்தம் குறைவது தெரிகிறது. பத்து நிமிடம் யாருக்கும் கிடைக்கும், இல்லையா?

ஒதுக்குப்புறம் என்பதால் இருட்டிய பிறகு நான் அங்கே போவதில்லை, விளக்கும் கிடையாது. பகலில் போனாலும் ரூம்மேட்டிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். மழைக்காலத்துக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன், ஆள் போக வர எழுந்து எழுந்து வழிவிடுவதிலேயே நேரம் போகிறது. கூரையும் இருந்து வெளிக்காற்றும் வருகிற மாதிரி இடம் யாராவது கண்டுபிடித்திருந்தால் சொல்லுங்கள்.